ஏலக்காய் மலையில் ஆஸ்டரிஸ்க்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் ஏலக்காய் நிறுவனத்தின் போடிநாயக்கனூர் அலுவலகத்தையும் கிட்டங்கியையும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் வண்டன்மேடு, குமுளி வட்டாரத்துத் தோட்ட அலுவலகங்களையும் இணைக்கும் உள் தொலைபேசி, பல ஆண்டுகளாக, தொலைபேசி இணைப்பகமாக வேலை செய்யும் ஆஸ்டரிஸ்க் மென்பொருள் ஏற்றிய சர்வரில்தான் ஓடுகிறது. சில பத்து எக்ஸ்டென்ஷன்கள் (உள் தொலைபேசி எண்கள்) பல நூறாகப் பெருகிய பிறகும் சர்வர் தாங்குகிறது.

ஒரு சர்வர் எத்தனை பேரைத் தாங்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுவார்கள், எந்தக் கோடெக்கில் (குரலை டிஜிட்டல் தரவாக மாற்றும் முறையில்) பேசுவார்கள் என்பவையே கேட்க வேண்டியவை. ஜி.711 கோடெக்கில் குரல் நொடிக்கு 64 கிலோபிட்தான். ஆனால் நொடிக்கு 50 பாக்கெட்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் தலைப்பைச் (முகவரி முதலிய விவரங்களைச்) சுமந்து போவதால், ஒரு திசைக்கு 80 கிலோபிட் ஆகிவிடுகிறது. 8 கிலோபிட் என்று சொல்லப்படும் ஜி.729கூட அதே கணக்கில் 24 கிலோபிட் பிடிக்கும். மலை இணைப்பு குறுகலானது என்பதற்காகத் தோட்டங்களுக்கு ஜி.729, அலுவலகத்துக்கு ஜி.711 என்று வைத்திருந்த காலத்தில், ஒவ்வொரு அழைப்பையும் சர்வரே ஒரு கோடெக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்ததால், ஏல நாள்களில் பிராசசர் திணறியது. எல்லா இடத்திலும் ஜி.729 என்று ஆக்கியதும் சுமை சட்டென்று இறங்கிவிட்டது. குரலின் தரம் சற்றுக் குறைந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வேறொரு தொல்லை. மின்சாரம் போய்த் திரும்பும்போது தொலைபேசிகள் அத்தனையும் ஒரே நேரத்தில், தம்மைச் சேர்த்துக்கொள்ளும்படி சர்வரிடம் பதிவு கேட்டு வருகின்றன. முதல் கோரிக்கைக்கு 401 என்ற மறுப்பு, பிறகு கடவுச்சொல் சரிபார்ப்புடன் இரண்டாவது கோரிக்கை என்று ஒவ்வொன்றும் இருமுறை கதவைத் தட்டும். அரை நொடிக்குள் பதில் வராவிட்டால் யுடிபியில் (பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று தானே உறுதிசெய்யாத அனுப்பும் முறையில்) அதே கோரிக்கை மறுபடியும் வரும் என்பதால், தாமதிக்கும் சர்வருக்கே மேலும் வேலை சேரும். முன்னால், தொலைபேசிக் கோரிக்கைகளை வழிப்படுத்தும் காமைலியோ மென்பொருளை நிறுத்தி, பதிவுகளை அதனிடம் விட்டு, அழைப்புகளை இரண்டு ஆஸ்டரிஸ்க் சர்வர்களுக்குப் பகிர்ந்தளித்ததே இதற்குச் சரியான தீர்வாக அமைந்தது. மெமரியைக் கூட்டுவதற்குச் செலவிட்ட பணம், என் கணிப்பில், வீண்.

ஆஸ்டரிஸ்க் 21 பதிப்பில் தொலைபேசிகளை சர்வருடன் இணைக்கும் பழைய சேன்-சிப் என்ற பகுதி நீக்கப்பட்டதால், அதற்கு மாற்றான பிஜேசிப்புக்கு மாறுவது கட்டாயமாயிற்று. அமைப்புக் கோப்புகளைப் புதிதாக எழுதுவது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் ஒரே எக்ஸ்டென்ஷனை மேசைத் தொலைபேசியிலும் கைப்பேசியிலும் சேர்த்துப் பதிய முடிவது மேலாளர்களுக்கு உதவுகிறது.

மலைச்சாலையில் ஃபைபர் அறுந்தால், பக்கத்து அறைக்குக்கூடப் பேச முடியாமல் தோட்டம் முடங்கும் குறை மட்டும் வெகுநாள் இருந்தது. இப்போது பெரிய தோட்டங்களில் சிறிய ஆஸ்டரிஸ்க் ஒன்றை அங்கேயே வைத்து, வெளியிடங்களுக்கான அழைப்புகளை மட்டும் போடிக்கு அனுப்புகிறோம்.