ரோஸ் நிறமாகிப்போன சிவப்பு மாருதி: பாலிஷ் போட்டு மூன்று வருடம் கழித்து

கானாடுகாத்தான் வீட்டுப் பின்கட்டில், தகரக் கொட்டகைக்குக் கீழே ஏழு வருடம் அசையாமல் நின்ற மாருதி 800 இது. 1999 மாடல், வாங்கும்போது நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பு. அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பார்வை குறைந்து ஓட்டுவதை நிறுத்தினார், வண்டியும் அதோடு நின்றுவிட்டது. 2022 தை மாதம் வெளியே தள்ளிக்கொண்டு வந்து பார்த்தால் பானட்டும் டாப்பும் வெளிறி ரோஸ் நிறம், விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி மாவு ஒட்டுகிறது, வேப்பம்பிசின், மயில் எச்சம், எல்லாவற்றுக்கும் மேலே செம்மண் புழுதி இறுகிக் கிடக்கிறது.

டவுனில் ஒரு பெயிண்ட் கடையில் காட்டினேன். முழுசாகச் சுரண்டிப் புது பெயிண்ட் அடித்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு டிக்கி மூலையில் நாலு தடவை தேய்த்தேன், துணி சிவந்துவிட்டது. அப்படியென்றால் மேலே கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் அடிக்கிற நிறமில்லாத பூச்சு) கிடையாது, நிறமே மேல் அடுக்கு. வெயிலில் செத்தது மேல்தோல் மட்டும்தான், அடியில் சிவப்பு உயிரோடு இருக்கிறது. கிளியர் கோட் உள்ள வண்டியில் அது செதில் செதிலாக உரிந்திருந்தால் எந்தப் பாலிஷும் உதவாது, பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். ஆனால் வெறுமனே மங்கியிருக்கிற வண்டியை முதலில் பாலிஷ் போட்டுப் பார்க்காமல் பெயிண்டுக்கு அனுப்பாதீர்கள்.

ஆத்தாவுக்கு வேறு யோசனை. "நாலு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டுத் துடைப்பா, ஆத்தங்குடிக் கல்லு எப்படி மின்னுது பாரு" என்றார். கல்லுக்கு அது சரி. சூளையில் வைக்காத சிமெண்ட் கல், எண்ணெயைக் குடித்துக்கொள்ளும், அன்றாடம் கால் பட்டுப் பட்டு மெருகேறும். மங்கிய பெயிண்டும் எண்ணெயைக் குடித்து ரெண்டு நாள் கருஞ்சிவப்பாகத் தெரியும்தான், ஆனால் செத்த தோல் அப்படியே இருக்கும், எண்ணெய்ப் பசையில் செம்மண் ஒட்டி, அடுத்த தடவை துடைக்கும்போது உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்த கதையாகிவிடும்.

கழுவுவதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். எங்கள் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பொட்டு விழும். அதனால் கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் முற்றத்துத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைக்கிற பழக்கம் வீட்டில் இன்னும் இருக்கிறது, அதில் கரைந்த உப்பு கிட்டத்தட்ட இல்லை என்பதால் பொட்டே விழாது. எச்சத்தைச் சுரண்டக் கூடாது, ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போட்டு ஊறவிட்டால் தானாக வழண்டு வரும். ரெண்டு வாளி வேண்டும், ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணியை அலசச் சாதாரணத் தண்ணீர். முதல் தடவை அலசிய வாளியின் அடியில் ஒரு விரற்கடை செம்மண் நின்றது. ஒரே வாளியாக இருந்திருந்தால் அத்தனையும் திரும்ப வண்டி மேல்தான் போயிருக்கும்.

கழுவிய பிறகு கையில் மெல்லிய பாலிதீன் பை மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவினேன். வெறும் கைக்கு வழுவழுப்பாக இருந்த இடம் பைக்குள் நறநறவென்று தெரிந்தது. ஒட்டிக் கிடக்கிற அந்த நறநறப்பை எடுக்கத்தான் கிளே பார், களிமண் மாதிரி மிருதுவான கட்டி. ஷாம்புத் தண்ணீர் நிறையத் தெளித்து, அழுத்தாமல் நகர்த்தினால் போதும். கீழே விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

அப்புறம் காம்பவுண்ட், அதாவது செத்த மேல்தோலைத் தேய்த்தெடுக்கிற கொரகொரப்பான பாலிஷ். கிரைண்டர் மாதிரி வெறுமனே சுழல்கிற மெஷின் வாங்காமல், சுழன்றபடியே ஆடுகிற டூயல் ஆக்‌ஷன் மெஷின் வாங்கினேன், புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. இரண்டடிக்கு இரண்டடி இடம், மாஸ்கிங் டேப் ஒட்டி எல்லை கட்டி, நாலைந்து தடவை குறுக்கும் நெடுக்கும். துடைத்துவிட்டு டேப்பை உரித்தேன். டேப்புக்கு இந்தப் பக்கம் ரோஸ், அந்தப் பக்கம் 1999-ன் சிவப்பு, நடுவில் கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு கோடு. அப்பச்சியைக் கூட்டிவந்து அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கிட்டே குனிந்து பார்த்தவர், "இது நம்ம வண்டிதான்" என்றார்.

தப்புகளும் நடந்தன. அவசரத்தில் ஒரு நாள் பதினோரு மணி வெயிலில் டாப்பைத் தொட்டேன், காம்பவுண்ட் அப்படியே காய்ந்து படை பிடித்துவிட்டது, அதை எடுக்க ஒரு சாயங்காலம் போனது. புறங்கை வைத்தால் தகடு குளிர்ச்சியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேண்டாம். டிக்கி ஓரத்தில் மெஷின் ஒரு நொடி அதிகம் நின்று பிரைமர் தெரிந்துவிட்டது. ஓரங்களில் பெயிண்ட் மெல்லிசு, டேப் ஒட்டிக் கையால்தான் போட வேண்டும். கதவுக்கு அடியில் இருந்த துருக் கொப்புளத்தையும் பாலிஷிலேயே சமாளிக்கலாம் என்று நினைத்திருந்தேன். சிக்ரியில் (காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணன்தான், "மேல மினுக்கினா உள்ள இருக்கிற ஈரம் போயிடுமாப்பா, தகடு தெரியிற வரை சுரண்டு" என்று தடுத்தார். சுரண்டி, பிரைமர் வைத்து, டச்சப் அடித்தேன். இன்று வரை திரும்பக் கொப்புளிக்கவில்லை.

மெஷின், பேட், துணி, காம்பவுண்ட் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

இந்த மூன்று வருடத்தில் பார்த்தது: பாலிஷுக்கு மேல் காப்புக்காகப் பூசிய கார்னூபா மெழுகு பளபளப்பில் முதல்தரம், ஆனால் எங்கள் சித்திரை வைகாசி வெயிலுக்கு ஆறேழு வாரம்தான் தாங்கியது. அதற்கப்புறம் சீலண்டுக்கு (செயற்கைக் காப்புப் பூச்சு) மாறினேன், நாலு மாதம் வருகிறது. தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பாய் விரித்த மாதிரி பரவினால் திரும்பப் போடும் நேரம். இதையெல்லாம் விடப் பெரிய கேடு தினமும் காலையில் காய்ந்த துணியால் புழுதி துடைப்பது. வீட்டு வேலைக்கு வரும் தம்பி நல்ல மனசோடுதான் துடைத்தான், ரெண்டே மாதத்தில் பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல். புழுதி இருந்தால் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொள்கிறோம்.

கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. டாப்பின் முன்பக்கம் மட்டும் லேசாக மங்கத் தொடங்கியிருக்கிறது. கார்த்திகை மழை விட்டதும், காம்பவுண்ட் இல்லாமல், மெல்லிய பாலிஷ் ஒரு தடவை.