ஒழுங்கையில் கேட்பாரற்று நிற்கும் வாகனம்: எந்தக் கந்தோரின் கதவைத் தட்டலாம்?

யாழ்ப்பாணத்தில் கைவிடப்பட்ட வாகனத்தை அகற்றுவிக்கும் சேவைக்கு ஒற்றைக் கதவு இல்லை. பொலிஸ், உள்ளூராட்சி சபை, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), கிராம அலுவலர் என்று நாலு கதவுகள். நாலும் நாலு வேலைக்கு. இதுதான் இந்தச் சேவையின் பெரிய குறை. பல முறைப்பாடுகள் பிழையான கதவுக்குப் போய்ப் படுத்துவிடுகின்றன, அல்லது வாகனம் அசையவில்லை என்பதற்கு ஆதாரமில்லாமல் திரும்பி வருகின்றன.

முதலில் அது உண்மையில் கைவிடப்பட்டதுதானா என்று பாருங்கள். துருவை நம்பவேண்டாம். குருநகர், பாசையூர்ப் பக்கம் உப்புக் காற்றில் தினம் ஓடும் வாகனமும் துருப்பிடிக்கும். பிரேக் டிஸ்க் ஒரே இரவு மழையில் சிவந்துவிடும். காலாவதியான வருமான அனுமதிப்பத்திரமும் தனியே போதாது. கண்ணாடியில் இருக்கும் திகதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

நம்பக்கூடியது வால்வு. சில்லில் காற்றடிக்கும் வால்வு, மணிக்கூட்டு முகத்தில் எந்த மணிக்கு நேரே நிற்கிறது என்று பாருங்கள். முன்சில்லில் நாலு மணி, பின்சில்லில் பதினொரு மணி என்றால் அப்படியே எழுதி, சில்லும் நிலமும் தெரியப் படமெடுங்கள். ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். வெளியே போய் வந்த வாகனத்தில் இரண்டு வால்வும் பழைய இடத்திலேயே வந்து நிற்பது அரிது. சோக்கட்டிக் கோடு மழையில் போய்விடும், வால்வு போகாது. வைப்பருக்குக் கீழே வேப்பஞ்சருகு உக்கி மண்ணாகியிருப்பதும், ரயரை ஒட்டிப் புல் முளைத்திருப்பதும் துணைச் சாட்சிகள்.

கட்டை வைத்து உயர்த்திப் படங்கு போர்த்திய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சில்லு நிலத்தில் படாமல் நிற்கிறதென்றால் யாரோ அதைப் பேணுகிறார்கள். பொலிஸ் நிலையங்களுக்கு முன்னால் நிற்பவையில் பல, வழக்குச் சான்றுப் பொருட்கள். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் அவை நகரா.

இனிக் கதவுகள். இலக்கத்தகடு கழற்றப்பட்டிருந்தால், ஸ்டியரிங்குக்குக் கீழே வயர் இழுபட்டிருந்தால், முந்தின நாள் இல்லாத வாகனம் விடியற்காலையில் காட்டோரம் நின்றால், அது பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு உரிய விடயம். கதவைத் திறக்காதீர்கள், கைப்பிடியையும் தொடாதீர்கள், கைரேகை கெட்டுவிடும். செசி இலக்கத்தைப் பொலிஸ் பார்த்துக்கொள்ளட்டும். மாதக்கணக்காக நிற்கும் பழைய வானுக்கு 119 பொருந்தாது. நேரில் நிலையத்துக்குப் போய் முறைப்பாடு பதிந்து, பதிவு இலக்கத்தை வாங்குங்கள்.

வீதியை அடைக்கும் வாகனத்துக்குச் சபைக்கு எழுதும் கடிதமே நல்ல வழி. ஆனால் வீதி யாருடையது என்று தெரிந்திருக்கவேண்டும். கண்டி வீதி, காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி நான்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. உள் ஒழுங்கைகளில் பெரும்பாலானவை சபையினுடையவை. இங்கே வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று: நல்லூர்க் கோயிலடி மாநகர சபைக்குள் வருகிறது, திருநெல்வேலியும் கோண்டாவிலும் நல்லூர் பிரதேச சபைக்குப் போகின்றன. பெயரைப் பார்த்துக் கடிதம் போட்டால் கிழமைகள் வீணாகும். எல்லை தெளிவில்லையென்றால் கிராம அலுவலரைக் கேளுங்கள். அவரால் வாகனத்தை இழுக்க முடியாது. உரிமையாளர் வெளிநாடு போய்விட்டாரா, வளவு யாரிடம் என்பது அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

கடிதம் ஒரு பக்கம் போதும், தமிழிலேயே எழுதலாம். இலக்கத்தகடு, நிறம், வகை, பக்கத்து மின்கம்பத்தின் இலக்கம், வால்வுப் படங்கள் மூன்று, திகதியோடு. மிச்சமிருக்கும் வீதி அகலத்தை அடிநாடாவால் அளந்து எழுதுங்கள். "இடைஞ்சலாக உள்ளது" என்ற வரியைவிட "1990 இலக்க அவசர அம்புலன்ஸ் நுழைய ஆறடி மட்டுமே மிச்சம்" என்ற வரி அதிகாரியை எழுப்பும். இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இன்ன திகதிக் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும்.

தனியார் வளவுக்குள் நிற்பது வேறு கதை. அங்கே வீதித் தடை இல்லாததால் சபைக்குப் பிடி குறைவு. மாரி தொடங்கியபின் பி.எச்.ஐ.யே பலமான கதவு: 2007 இன் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வளவுக்காரரைப் பொறுப்பாக்குகிறது. பி.எச்.ஐ.க்கு அறிவிக்கும்போது வாகனத்தைப் பொதுவாகச் சொல்லாமல், தண்ணீர் தேங்கும் இடத்தைக் காட்டுங்கள்: கழற்றிப் போட்ட ரயரின் உட்குழி, பட்டா எனும் சின்ன லொறியின் பின்தட்டு, உடைந்த லைற்றின் கிண்ணம். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏழு தொடக்கம் பத்து நாள் போதும், ஆகவே சபையின் அடுத்த மாதக் கூட்டம்வரை காத்திருக்க முடியாது. வாகனம் போனபின் ரயர் மட்டும் வேலியோரம் மிஞ்சிக் கிடக்கும். அதையும் எடுக்கச் சொல்லுங்கள். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் முட்டைகள் காய்ந்த ரயரில் மாதக்கணக்கில் ஒட்டியிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும்.