கொலோசியம்: இலவச ஞாயிறா, 18 யூரோ டிக்கெட்டா?

ரோமில் மாதத்தின் முதல் ஞாயிறன்று கொலோசியத்துக்குள் காசில்லாமல் நுழையலாம். ஆனால் முன்பதிவு கிடையாது. வெயிலில் வரிசை நீளும், உள்ளே தேர்த்திருவிழாக் கூட்டம். மற்ற நாளில் 18 யூரோ. அதே டிக்கெட்டில் பக்கத்திலிருக்கும் ரோமன் ஃபோரமும் (பழைய ரோமின் பொதுச் சதுக்க இடிபாடுகள்) பாலட்டைன் குன்றும் சேர்த்தி, நேரத்தையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம்.

நான் கஞ்சன்தான், இருந்தாலும் இதற்குக் காசு கொடுப்பேன். அந்த 18 யூரோவை வேறு இடத்தில் மிச்சம் பிடிக்கலாமே! சான் லூயிஜி தேவாலயத்தில் காரவாஜ்ஜோ வரைந்த புனித மத்தேயு ஓவியங்கள் மூன்று, நுழைவு இலவசம். தண்ணீர் பாட்டிலும் வேண்டாம்: தெருவுக்குத் தெரு 'நசோனி' குழாய்களில் நல்ல குடிநீர் கொட்டுகிறது.

முதல் ஞாயிறு அங்கே இருக்க நேர்ந்தால், பலாத்ஸோ மாஸிமோ அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அதுவும் அன்று இலவசம்தான்.