கியாலோ எஜு: வாதத்தைக் கட்டிப் பழக ஒரு தளம்

மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வாதம் எழுதச் சொல்லிக்கொடுக்க எதையாவது தேடிக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். கியாலோ எஜு என்ற இணையதளத்தை என் பதினோராம் வகுப்பில் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இலவசம், விளம்பரமும் கிடையாது. ஒரு வேலையை இந்தத் தளம் மிக நன்றாகச் செய்கிறது. இன்னொரு முக்கியமான வேலைக்கு இதில் இடமே இல்லை, அதை நாம்தான் செய்தாக வேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்குப் பேச வராது என்று யாரும் சொல்ல முடியாது. பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு குறள், ஒரு குட்டிக்கதை, கடைசியில் குரலை உயர்த்தி ஒரு வரி, அவ்வளவுதான், கைதட்டல் வாங்கிவிடுவார்கள். "நீ சொன்னதில் முடிவு எது, காரணம் எது?" என்று கேட்டால்தான் திணறுகிறார்கள். காரணத்தையே முடிவாகச் சொல்வதும், முடிவையே வேறு சொற்களில் திருப்பிக் காரணமாகச் சொல்வதும் விடைத்தாள்களில் நான் அன்றாடம் பார்ப்பவை.

தளத்தின் அமைப்பு எளிமையானது. மேலே ஒரு மையக் கருத்து. அதன் கீழே ஆதரவுக் காரணங்கள் பச்சையில், எதிர்க் காரணங்கள் சிவப்பில். ஒவ்வொரு காரணமும் தனிப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் போனால் அதற்கும் ஆதரவு, எதிர்ப்பு என்று கிளை பிரித்துக்கொண்டே போகலாம். பெட்டிக்குச் சான்றாக இணைய முகவரியைச் சேர்க்கலாம். பேசுபவர் பெயர் தெரியாமல் விவாதம் நடத்தலாம். சத்தமாகப் பேசத் தயங்கும் பிள்ளைகள் அதில் நன்றாகத் திறக்கிறார்கள்.

நாங்கள் எடுத்த தலைப்பு, பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வேண்டுமா என்பது. தமிழ்நாட்டில் 2018 மார்ச்சில் முதன்முதலாக நடந்த தேர்வு அது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கிவிட்டது. பிள்ளைகளுக்கு நேரடியாகப் பட்ட விஷயம் என்பதால் தலைப்பை விளக்க வேண்டியிருக்கவில்லை. தேர்வு வேண்டும் என்று ஒரு மாணவர் முதலில் எழுதியது இது: "இது மாணவர்களுக்கு நல்லது, பல பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்தாமல் நேராகப் பன்னிரண்டுக்குப் போய்விடுகிறார்கள், நீட் தேர்வுக்கும் உதவும்." ஒரு பெட்டியில் ஒரு கருத்துதான் இருக்க வேண்டும் என்பது தளத்தின் விதி. "ஒன்றுக்கு மேற்பட்ட கருத்து" என்று அதைக் குறித்துத் திருப்பி அனுப்ப ஒரு வசதியும் உண்டு. அவர் மூன்றாகப் பிரித்தார். பிரித்ததும் முதல் பெட்டி வெறுமையாக இருப்பது அவருக்கே தெரிந்துவிட்டது. "ஐயா, இது காரணமே இல்லையே" என்று அவரே அதை எடுத்துவிட்டார். நான் சிவப்பு மையில் எத்தனை முறை எழுதினாலும் நடக்காத விஷயம் அது.

இதைவிட நல்லது ஒன்று எதிர்ப்பு எழுதும்போது நடந்தது. பாடம் நடத்தாமல் விடுகிறார்கள் என்ற பெட்டியின் கீழே ஒரு மாணவி சிவப்பில், "மூன்று ஆண்டு தொடர்ந்து பொதுத்தேர்வு என்றால் மன அழுத்தம் தாங்காது" என்று சேர்த்தார். கருத்து நல்ல கருத்து. ஆனால் அது எதை மறுக்கிறது? பள்ளிகள் பாடத்தை விடுவதில்லை என்று அது காட்டவில்லையே. வகுப்பே சேர்ந்து பேசி அதை மையக் கருத்துக்கு நேர் கீழே நகர்த்தியது. பழைய இடத்தில் வேறொருவர், "அதைத் தடுக்க ஆய்வும் பள்ளித் தேர்வும் போதும், பொதுத்தேர்வு எதற்கு?" என்று எழுதினார். எதிராளியின் எந்தச் சொல்லை மறுக்கிறோம் என்று பார்த்து அந்த இடத்தில் கை வைக்கும் பழக்கம் மேடைப் பேச்சில் எளிதில் வருவதில்லை. பேச்சு காற்றோடு போய்விடுகிறது, இங்கே பெட்டி கண்முன் நிற்கிறது. இதற்காக மட்டுமே கூட இந்தத் தளத்தை நான் பரிந்துரைப்பேன்.

அப்புறம் இதில் இல்லாதது. "நீட் தேர்வில் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்தும் கேள்வி வருகிறது" என்பது பச்சைப் பெட்டியில் இருக்கிறது. உண்மைதான். ஆனால் அதிலிருந்து "ஆகவே எல்லோருக்கும் பொதுத்தேர்வு வேண்டும்" என்று எப்படிப் போவது? நடுவில் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது: பொதுத்தேர்வு வைத்தால்தான் பாடம் ஒழுங்காக நடக்கும், அந்தப் பாடம் எல்லாருக்கும் அதே அளவு தேவை. வணிகவியல் பிரிவில் படிப்பவருக்கு நீட் எதற்கு? சான்றையும் முடிவையும் சேர்க்கும் இந்த நடு வரிக்குத் தளத்தில் தனி இடம் இல்லை. பச்சையா சிவப்பா என்று மட்டும்தான் கேட்கிறது. "பெரும்பாலும்", "இன்னாருக்கு மட்டும்" என்று முடிவின் அளவைக் குறைத்துச் சொல்லவும் தனி இடம் கிடையாது.

பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958-இல் வாதத்தை ஆறு உறுப்பாகப் பிரித்தபோது இந்த நடு வரியைத்தான் தனியாக எடுத்துக் காட்டினார். ஹாரி பெர்முடாவில் பிறந்தவர், ஆகவே அவர் பிரிட்டிஷ் குடிமகன் என்பது அவர் தரும் எடுத்துக்காட்டு. பெர்முடாவில் பிறந்தவர் பொதுவாக பிரிட்டிஷ் குடிமகன் ஆவார் என்ற விதி இருப்பதால்தான் அந்த முடிவு நிற்கிறது. என் பிள்ளைகளுக்கு ஹாரி பிடிபடவில்லை. மணிமேகலையின் 29-ஆம் காதை உடனே பிடிபட்டது. அறவண அடிகள் சொல்லும் பக்கம் (நிறுவ வேண்டிய முடிவு), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) மூன்றையும் பலகையில் எழுதினேன். இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. அடுக்களையை எதற்கு இழுக்கிறார்? புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்பதை நாம் கண்ட இடம் அதுதான். இதைச் சொன்னதும், "அப்படியென்றால் நீட் பெட்டிக்கு அடுக்களை எங்கே ஐயா?" என்று ஒரு பையன் கேட்டான். வகுப்பில் அதுவே வழக்கமாகிவிட்டது. இப்போது ஒவ்வொரு பச்சைப் பெட்டிக்கும் நோட்டில் "அடுக்களை" என்று தலைப்பிட்டு ஒரு வரி எழுதுகிறார்கள். தளத்தில் எழுத இடமில்லாததை நோட்டில் எழுதுகிறோம்.

அந்தக் காதையில் போலிகளின், அதாவது சரிபோலத் தோன்றும் தவறான வாதங்களின், பட்டியலும் இருக்கிறது: பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. எல்லாவற்றையும் பள்ளியில் நடத்த முடியாது, தேவையும் இல்லை. ஒன்றை மட்டும் எடுத்தேன், இரண்டு பக்கத்துக்கும் பொருந்திவிடும் காரணம். "மாணவர் எதிர்காலத்துக்கு நல்லது" என்பதைத் தேர்வு வேண்டும் என்பவரும் சொல்லலாம், வேண்டாம் என்பவரும் சொல்லலாம். அதே வரியைச் சிவப்பிலும் ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒட்டினால் அது காரணம் ஆகாது. தளத்தில் இந்தச் சோதனையைச் செய்வது மிகச் சுலபம்.

ஒரு காரணம் தன் மேல்பெட்டிக்கு எவ்வளவு வலுச் சேர்க்கிறது என்று 0 முதல் 4 வரை மதிப்பிடும் வாக்கு வசதியும் உண்டு. நண்பருக்கு நண்பர் வாக்குப் போடுவார்கள், அதனால் விவாதம் முடியும் வரை அதைத் திறக்காமல் வைத்திருப்பது நல்லது. கைபேசியில் கிளைகள் நீண்டால் எங்கே இருக்கிறோம் என்பது குழம்பும். கணினி ஆய்வகத்தில் இரண்டு பேருக்கு ஒரு திரை என்று உட்கார வைத்தால் போதும். பக்கத்தில் இருப்பவரோடு வாதாடாமல் யாரும் தட்டச்சு செய்வதில்லை, அதுவும் நல்லதுதான்.

கட்டுரை எழுத இது நேரடியாக உதவும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெட்டிகளை அழகாக நிரப்பும் பிள்ளை, பத்தி எழுத உட்கார்ந்தால் பெட்டிகளையே வரிசையாகக் கொட்டி வைக்கும். எனக்குப் பலன் தந்த வழி இது: மையக் கருத்திலிருந்து ஒரு கிளையின் நுனி வரை ஒரே பாதையைத் தேர்ந்தெடுத்து, முடிவு, காரணம், அடுக்களை வரி, எதிர்ப்பு, அதற்குப் பதில் என்று ஒரு பத்தி எழுதச் சொல்வது. ஆகவே, ஆயினும், எனினும் எங்கே வரும் என்று அப்போது அவர்களே கண்டுபிடிக்கிறார்கள்.

தொடங்குபவர்களுக்கு ஒரு யோசனை. விவாதத்தை உங்கள் வகுப்புக்கு மட்டும் என்று மூடி வையுங்கள். மாணவர்களுக்குப் பரிந்துரைக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். அவர்கள் எழுதுவது உங்கள் பார்வைக்கு வந்த பிறகே விவாதத்தின் கிளைகளில் ஏறும். முதல் தலைப்பைத் தளத்தின் ஆயத்தத் தலைப்புகளிலிருந்து எடுக்காமல், உங்கள் பள்ளியில் பிள்ளைகள் உண்மையிலேயே சண்டை போடும் ஒன்றை எடுங்கள். கணினி அறைக்குப் போவதற்கு முன் ஒரு பாடவேளை முழுக்கத் தாளில், முடிவும் ஏதுவும் அடுக்களையும் மட்டும் எழுதிப் பழகட்டும்.