கென்யிர் ஏரியில் ட்ரோலிங்: சில வருடம் புழங்கிய சாமான்களில் தேறியதும் தேறாததும்

படகில் உட்கார்ந்தபடி லூரை, அதாவது முள் மாட்டிய செயற்கை இரையை, பின்னால் இழுத்துக்கொண்டு போகும் ட்ரோலிங்கை நம்ம சிங்கப்பூர்த் தூண்டில்காரர்கள் அவ்வளவாக மதிப்பதில்லை. நின்று வீசிப் பிடிப்பதுதான் பிடிப்பு, ட்ரோலிங் தூங்குமூஞ்சிகளின் வேலை என்பது என் மச்சானின் கட்சி. எப்போது போனாலும் படகின் முன்பக்கம் அவர் வீசிக்கொண்டிருப்பார், பின்பக்கம் நான் இழுத்துக்கொண்டிருப்பேன். யார் அதிகம் பிடித்தார் என்ற கணக்கை இங்கே எடுக்கப்போவதில்லை. வீட்டில் வம்பாகிவிடும்.

ட்ரோலிங்கில் இரண்டே கேள்விதான். லூர் எவ்வளவு ஆழத்தில் போகிறது? என்ன வேகத்தில் போகிறது? இதற்குப் பதில் தெரிந்துகொள்ள உதவும் சாமானுக்குக் காசு கொடுக்கலாம். மற்றதெல்லாம் கடைக்காரருக்கு லாபம். கோவிட்டுக்கு முன்பிருந்து இன்றுவரை நான் புழங்கியவற்றை இந்தக் கணக்கை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன்.

முதலில் இடம். சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் கரையில் ஒதுக்கிய இடங்களில் மட்டும்தான் தூண்டில் போடலாம், அதுவும் செயற்கை இரை மட்டும். லோவர் சிலேத்தாரில் சொந்த மோட்டார் படகை இறக்கி இழுத்துப் போகலாம் என்ற கனவெல்லாம் வேண்டாம். எல்லை தாண்டத்தான் வேண்டும். நாங்கள் போவது மலேசியாவின் திரங்கானுவில் உள்ள கென்யிர். பெட்ரோல் முள் முக்காலுக்கு மேல் நிற்கிறதா என்று பார்த்து உட்லண்ட்ஸைத் தாண்டி, குவாந்தான் போய், கிழக்குக்கரை விரைவுச்சாலையில் ஏறி, குவாலா பெராங்கில் பசியாறிவிட்டு, பெங்காலான் காவி படகுத்துறை.

கென்யிர் இயற்கை ஏரி இல்லை. 1985-இல் கட்டி முடித்த நீர்மின் அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர். பரப்பு சுமார் 260 சதுர கிலோமீட்டர், உள்ளே 340 தீவுகள். தீவு என்று நாம் சொல்வதெல்லாம் ஒரு காலத்தில் குன்றுகளின் உச்சி. மூழ்கிய காட்டின் மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருக்கின்றன. என் செலவில் பாதிக்கு அந்த மரங்கள்தான் காரணம்.

நாங்கள் வாடகைக்கு எடுப்பது சின்ன ஃபைபர் படகு, 15 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், கூடவே படகோட்டி. இந்த எஞ்சின் வேகமாகப் போவதற்கென்று செய்தது. மணிக்கணக்கில் மெதுவாக ஓட்டினால் அதற்குப் பிடிக்காது. எண்ணெய் கலந்த பெட்ரோல் குறைந்த சுற்றில் முழுதாக எரியாமல் ஸ்பார்க் பிளக்கில் கரியாகப் படியும். ஒரு முறை நடு ஏரியில் அப்படியே நின்றுவிட்டது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு அரைமணிக்கு ஒரு தரம் லூர்களைச் சுருட்டிவிட்டு இரண்டு மூன்று நிமிடம் முழு வேகத்தில் ஓட்டச் சொல்கிறோம், அந்த ஓட்டத்தையே அடுத்த இடத்துக்குப் போக வைத்துக்கொள்கிறோம். மாற்றுப் பிளக்கும் அதைக் கழற்றும் ஸ்பேனரும் இப்போது என் பெட்டியிலேயே இருக்கின்றன. என்னிடம் உள்ளவற்றில் விலை குறைந்த சாமான் இவைதான், இவை இல்லாமல் படகில் ஏறமாட்டேன்.

வேகம் மணிக்கு 4 முதல் 6 கிலோமீட்டர், அதாவது ஆள் நடக்கிற வேகம். கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டுவதே போதும், தனிக் கருவி வேண்டாம். தொல்லை பின்காற்றில்தான். எஞ்சினை எவ்வளவு குறைத்தாலும் காற்று தள்ளிக்கொண்டு போய் 7 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். "பாங், பெலான் பெலான்" (அண்ணே, மெதுவா மெதுவா) என்று படகோட்டியிடம் சொல்லிப் பார்த்தால், இதற்குமேல் குறையாது என்று கையை விரிப்பார். அவர் காட்டித் தந்த வழி, அடியில் ஓட்டை போட்ட பெயிண்ட் வாளி. கயிற்றில் கட்டிப் படகுக்குப் பக்கத்தில் இழுத்துப் போனால் வேகம் பட்டென்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் இறங்கும். இதே வேலைக்குக் கடையில் குடை மாதிரித் துணிப்பை விற்கிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மரக்கிளையில் மாட்டினால் கிழியும். வாளி கிழியாது.

மச்சானுக்கு நான் இன்னும் புரியவைக்க முடியாத விஷயம் படகைத் திருப்புவது. நேர்கோட்டில் இழுத்துக்கொண்டே போனால் மீன் அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம். பாம்பு போல வளைந்து போனால் தண்ணீரே பதில் சொல்லும். படகு இடப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கத் தூண்டில் கம்பின் லூர் உள்வட்டத்தில் மாட்டி வேகம் குறையும், மிதக்கும் வகையாக இருந்தால் மெல்ல மேலே வரும். வலக்கம்பின் லூர் வெளிவட்டத்தில் ஓட வேண்டியிருப்பதால் வேகம் கூடும். அடி எப்போதும் வெளிக்கம்பிலேயே விழுந்தால் மீன் இன்னும் வேகம் கேட்கிறது, உள்கம்பில் விழுந்தால் மெதுவாகக் கேட்கிறது. இரண்டு மூன்று அடி ஒரே பக்கம் விழுந்ததும் படகோட்டியிடம் சொல்லி வேகத்தை மாற்றிவிடுவேன். கம்பு நுனியைப் பார்த்தாலும் தெரியும். லூர் சரியாக ஓடும்போது நுனி ஒரே சீராக நடுங்கும். நடுக்கம் நின்றால் இலையோ நாரோ மாட்டியிருக்கிறது. அப்படி இழுத்துக்கொண்டு போகும் ஒவ்வொரு நிமிடமும் வீண். தூங்குமூஞ்சி வேலை என்று சொல்பவர்கள் ஒரு மணி நேரம் அந்த நுனியைக் கண் கொட்டாமல் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ரீல், கரோசெல் என்ற பழைய பொருள் விற்கும் இணையத்தளத்தில் யாரோ ஒரு அங்கிளிடம் பழையதாக வாங்கிய அபு கார்சியா அம்பாசடர் 6500, கிளிக்கர் உள்ள வகை. உருண்டை ரீல், சுவீடனில் தொடங்கிய நிறுவனம். கிளிக்கரைத் தட்டிவிட்டு டிராக்கை, அதாவது தூண்டில் நரம்பு ஓடுவதைத் தடுக்கும் பிரேக்கை, தளர்வாக வைத்தால் மீன் அடித்ததும் 'கிர்ர்ர்' என்று கத்தும். செபாராவ் என்ற வேட்டை மீன் அடித்தால் அந்தச் சத்தம் ஒரே மூச்சில் நீளும். தோமான் என்ற பெரிய விரால் அடித்தால் விட்டு விட்டுக் கேட்கும், தலையை உதறுகிறது என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் மாற்றியது டிராக் வாஷர் மட்டுமே.

எதன் தரம் எப்படி என்று உண்மையில் தெரிந்தது எல்லை மூடலின்போதுதான். 2020 மார்ச் 18-இல் மலேசியா எல்லையை மூடியது. தரைவழி பழையபடி திறக்க 2022 ஏப்ரல் 1 ஆனது. அந்த இரண்டு வருடமும் எல்லாச் சாமானும் ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு பாம் ஷெல்டருக்குள் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) கிடந்தன. இரும்புக் கதவு, காற்றோட்டம் குறைவு, நம்மூர் ஈரப்பதம். திறந்து பார்த்தபோது ரப்பர் புழுக்கள் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் லூரோடு உருகி ஒட்டி, பெட்டியின் அடியில் பிசின் போலப் படிந்திருந்தன. இரண்டையும் பெட்டியின் ஒரே தடுப்புக்குள் வைக்கவே கூடாது. மூன்றுமுனை முட்களில் மலிவானவை எல்லாம் துரு. டிராக்கை இறுக்கியபடியே வைத்திருந்த மச்சானின் ரீலில் வாஷர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், முதல் தோமான் இழுத்ததும் ரீல் கொடுக்காமல் நரம்புதான் அறுந்தது. தண்ணீருக்கடியைத் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டருக்கு வைத்திருந்த ஈய-அமில பேட்டரி அடியோடு செத்துவிட்டது. சார்ஜ் போடாமல் கிடந்தால் அந்த வகைக்கு அதுதான் கதி. அம்பாசடரைத் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சுற்றினேன். சுற்றியது.

நரம்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். நான்கு இழைப் பிரெய்ட் (பின்னல் நரம்பு), 30 ராத்தல் தாங்குவது, பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறுகிற வகை. எட்டு இழை வழுவழுப்பாக இருக்கும், வீச நன்றாக இருக்கும், ஆனால் மரத்தில் உரசினால் சீக்கிரம் பிசிறடிக்கும். நிறம் மாறுவது அழகுக்காக இல்லை. மூன்று நிறம் வெளியே போனால் முப்பது மீட்டர். மீன் அடித்த அதே நீளத்துக்குத் திரும்பப் போக வேண்டுமென்றால் இதைவிட எளிய வழி கிடையாது. ஒரே குறை, ஒரு வருடத்துக்குள் சாயம் வெளுத்து நீலமும் பச்சையும் ஒன்றுபோல ஆகிவிடும். நரம்பைக் கழற்றித் தலைகீழாகச் சுற்றினால், உள்ளே சும்மா கிடந்த பகுதி வெளியே வந்து இன்னொரு வருடம் ஓடும். முனையில் லீடர் என்ற 40 ராத்தல் துண்டு நரம்பு, ஒரு பாகம் (இரு கையையும் விரித்த) நீளம். தோமானின் பல்லுக்கு அதுவே குறைவுதான். பிரெய்ட் இழுபடாது என்பதால் கம்பு இளகியதாக இருக்க வேண்டும். விறைப்பான கார்பன் கம்பில் அடி விழுந்த வேகத்தில் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கண்ணாடி இழைக் கம்பு கனம்தான், யார் கையில் பிடிக்கப்போகிறார்கள், தாங்கியில்தானே நிற்கிறது. தாங்கி மட்டும் எஃகில் வாங்குங்கள். பிளாஸ்டிக் தாங்கி வெயிலில் காய்ந்து ஒரு நாள் கம்போடு சேர்த்துப் போய்விடும்.

லூருக்கு வருகிறேன். 1936-இல் பின்லாந்தில் லௌரி ராப்பாலா தன் முதல் லூரைத் தக்கையில் செதுக்கினார், சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டினார், போட்டோ நெகட்டிவை உருக்கி மேலே பூசினார். அவர் துடுப்புப் படகில் இழுத்துப் பிடித்த மீனவர். இதை மச்சானிடம் அடிக்கடி சொல்வதுண்டு. என்னிடம் அதிக நாள் தாக்குப்பிடித்தது ராப்பாலாவின் எக்ஸ்-ராப் மேக்னம் வகை. அதன் எண்ணே ஆழத்தைச் சொல்லும்: 10 என்றால் பத்து அடி, 15 என்றால் பதினைந்து. நரம்பு தடித்தால் தண்ணீரின் எதிர்ப்பு கூடி ஆழம் குறையும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கென்யிருக்கு இந்த இரண்டு எண் போதும். 30 ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், பெட்டியைவிட்டு வெளியே வருவதே அபூர்வம். இப்படிப்பட்ட ஆழமான வெப்பமண்டல அணைகளில் சூடான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் எளிதில் கலப்பதில்லை. அடியில் ஆக்சிஜன் குறைவு. இரை மீன் மேலடுக்கில் நிற்கிறது, அதைத் தின்கிற செபாராவும் அங்கேதான். தோமான் விரால் சாதி, மேலே வந்து காற்றைக் குடித்தே ஆக வேண்டிய மீன், அதை ஆழத்தில் தேடுவானேன்?

வேறொரு கம்பெனியின் பால்சா மர லூர்களும் வைத்திருந்தேன். ஓட்டம் பிரமாதம், ஆனால் தோமான் நாலு முறை கடித்ததும் பெயிண்ட் பெயர்ந்து, மரம் தண்ணீர் குடித்து, உப்பிவிட்டது. முள் மாற்றுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கூடவே வரும் முட்களைத் தோமான் நேராக்கிவிடும் என்பதால் எல்லோரும் கனமான முள் மாட்டுவார்கள். மிதக்கும் சின்ன லூரில் அதைச் செய்தால் மிதப்பு போய் ஆட்டமும் செத்துவிடும். மாற்றியதும் படகுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் பாருங்கள். வலப்பக்கம் ஓடினால் மூக்கு வளையத்தை இடுக்கியால் மயிரளவு இடப்பக்கம் வளைக்க வேண்டும். அதற்கு மேல் வளைத்தால் லூர் தலைகீழாகப் புரளும்.

மரத்தில் மாட்டிய லூரை மீட்க நான் செய்து வைத்திருப்பது ஒரு பெரிய ஈயக் குண்டு, அதில் ஒரு சாவி வளையம், பின்னால் தடித்த கயிறு. படகை மாட்டிய இடத்துக்கு நேர்மேலே கொண்டுவந்து, வளையத்தை நரம்பில் கோத்து, நரம்பை இறுக்கிப் பிடித்து, குண்டை விட வேண்டும். வழுக்கிக்கொண்டு போய் லூரின் மூக்கில் 'டொக்' என்று இடிப்பது கையில் தெரியும். இரண்டு மூன்று தரம் தூக்கித் தூக்கி இடித்தால் முள் பின்வாங்கிக் கழன்றுவிடும். பெரும்பாலும் வந்துவிடும். இது இல்லாத காலத்தில் லூருக்குக் கொட்டிய காசில் இன்னொரு ரீல் வாங்கியிருக்கலாம்.

ஃபிஷ் ஃபைண்டர் வேண்டுமா என்று தம்பிமார் கேட்கிறார்கள். வேண்டும், ஆனால் மீன் பார்க்க இல்லை. திரையில் மீன் படம் போடுகிற வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள். அழுகிய மரத்திலிருந்து எழும் குமிழியையும் அது மீன் என்றே வரையும். எனக்குத் தேவை இரண்டு: அடித்தரை எத்தனை மீட்டர் ஆழத்தில், முன்னே மரம் நிற்கிறதா. எட்டு மீட்டரிலிருந்து திடீரென்று இருபதுக்கு இறங்கும் பழைய ஆற்றங்கரை விளிம்பு அதில்தான் தெரிகிறது, செபாராவ் நிற்பதும் அந்த விளிம்பை ஒட்டித்தான். திரை ஐந்து அங்குலத்துக்குக் குறையக் கூடாது, வெயிலில் தெரியாது. செத்த பேட்டரிக்குப் பதில் இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட். ஆறு கிலோவுக்கு மேல் தூக்கியது இரண்டரையாகக் குறைந்தது, நாள் முழுக்க ஓடுகிறது.

போகிறவர்கள் கெலா மீனுக்கு ஆசைப்பட்டு எங்கும் நுழைந்துவிடாதீர்கள். சுங்கை பெத்தாங் அந்த மீனுக்கான சரணாலயம், அதற்குத் தனி விதிமுறை. தோமானின் சிவப்புக் குஞ்சுகள் பந்தாகத் திரண்டு மேலே வந்து மூச்சு விடுவதைப் பார்த்தால் அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கின்றன. அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் கோபத்தில் அடிக்கும். நாங்கள் அங்கே லூரைத் தூக்கிவிட்டுக் கடந்துவிடுவோம், மச்சான் உட்பட. நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழை, தண்ணீர் கலங்கி ஏறும், அப்போது போகாதீர்கள். மார்ச்சுக்கு மேல் நல்லது. படகுத்துறையில் ரொக்க ரிங்கிட் வைத்துக்கொள்ளுங்கள், பாதுகாப்பு அங்கியைச் சொந்தமாகக் கொண்டு போங்கள், வாளியை மட்டும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.