தாத்தாவின் 375, மாமாவின் 750

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் தங்கம் என்றால் 916, அதாவது ஆயிரத்தில் 916 பங்கு சுத்தத் தங்கம். அதற்குக் கீழே எதை நீட்டினாலும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்த தாத்தாவுக்கு, ஓய்வு பெற்றபோது கம்பெனி கொடுத்த கைக்கடிகாரம் ஒன்று உண்டு. பின்மூடியைத் திறந்து பார்த்த பத்தர், "375தான்லா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பாட்டிக்கு முகம் சுண்டிவிட்டது. மாமாவிடம் இருப்பதோ சுவிஸ் கடிகாரம், 750. எது உசத்தி என்ற வழக்கு வீட்டில் இன்னும் தீரவில்லை.

எடைக் கணக்கில் மாமா கட்சிதான். சுத்தத் தங்கம் 24 காரட்; 375 என்பது 9 காரட், 750 என்பது 18. இயந்திரம், கண்ணாடி நீக்கி வெறும் கூடு 10 கிராம் என்றால், 9 காரட்டில் சுத்தத் தங்கம் 3.75 கிராம், 18 காரட்டில் 7.5.

ஆனால் 375 கள்ளத் தங்கம் அல்ல. பிரிட்டன் 1854-லேயே 9 காரட்டைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. தாத்தாவுடையதில் ஒரு நங்கூரம் இருக்கிறது. பர்மிங்ஹாம் சோதனைக்கூடத்தின் அடையாளம் அது. பக்கத்தில் ஓர் எழுத்து. அந்த எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றிய கட்டத்தையும் அட்டவணையில் பார்த்தால் எந்த ஆண்டு முத்திரை குத்தினார்கள் என்று தெரிந்துவிடும். தயாரித்தவன் சொல்லை நம்ப வேண்டியதில்லை, மூன்றாம் ஆள் உரசிப் பார்த்துச் சொன்னது. 1907-இல் வெளிநாட்டுக் கூடுகளுக்கும் அங்கே இதே சோதனை வந்தது.

மாமாவுடையதில் சுவிட்சர்லாந்தை உருவகிக்கும் ஹெல்வெத்தியா என்ற பெண்ணின் தலை. பழைய சுவிஸ் 18 காரட்டுக்கு அதுதான் முத்திரை. 14 காரட்டுக்கு அணில். 1995-இல் இரண்டையும் எடுத்துவிட்டு செயின்ட் பெர்னார்ட் நாயின் தலையை வைத்தார்கள். அழகான முத்திரைகள்தான், ஆனால் ஆண்டைச் சொல்லாது. சும்மா சும்மா பாலிஷ் போட்டால் விளிம்பும் மழுங்கும், முத்திரையும் தேயும்.

சோவியத் கடிகாரத்தில் 583 இருக்கும். அது 14 காரட்: 14-ஐ 24-ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு அதுதானே வரும். ஜார் காலத்துக் கூட்டில் 56 என்றிருப்பதும் அதேதான்: அவர்கள் 96 பங்காகக் கணக்கிட்டார்கள். 56 சதவீதம் என்று நினைத்து விலை பேசாதீர்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது அமெரிக்கக் கூடுகளைத்தான். 14 காரட் என்று எழுதி, கூடவே 20 அல்லது 25 ஆண்டு உத்தரவாதம் என்று இருந்தால், அது பித்தளை மேல் தங்கத் தகடு ஒட்டியது. நம் பேச்சில், கொஞ்சம் தடித்த கவரிங். முழுத் தங்கத்துக்கு எதற்கு ஆண்டுக் கெடு? ஜப்பானின் சீகோ கடிகாரத்தில் எஸ்.ஜி.பி. என்றிருந்தாலும் பூச்சுதான்.

தினமும் கட்ட எனக்குத் தாத்தாவுடையதே போதும். பிறந்த ஆண்டு அதன் முதுகிலேயே இருக்கிறது. அவசரத்துக்கு அடகு வைக்க மட்டும் மாமாவுடையதைத்தான் கேட்பேன். கொடுப்பாரா என்பது வேறு விஷயம்.