பிரையன்ட் பார்க், நியூயார்க்: அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே ஒழுங்காகப் பராமரிக்கப்படும் ஓர் இடம்

நியூ ஜெர்சியிலிருந்து பேருந்தில் வந்து 8-ஆவது அவென்யூவிலுள்ள போர்ட் அத்தாரிட்டி நிலையத்தில் இறங்கும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் டைம்ஸ் சதுக்கத்தைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று கால் கடுத்துத் திரும்பிவிடுகின்றன. 42-ஆவது தெருவிலேயே கிழக்கு நோக்கி இன்னும் சற்று நடந்து 6-ஆவது அவென்யூவைக் கடந்தால், வலக்கைப் பக்கம் பிரையன்ட் பார்க் வந்துவிடும். குழந்தைகளையும் வயதான பெற்றோரையும் அழைத்துக்கொண்டு மன்ஹாட்டனுக்கு வருகிறவர்கள், ஊர் சுற்றும் நாளில் ஒரு மணி நேரத்தையாவது இந்தப் பூங்காவுக்கு ஒதுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். காட்சிக்காக மட்டும் அதைச் சொல்லவில்லை. பெருநகரத்தின் வணிகப் பகுதியை எப்படித் தூய்மையாகவும் அச்சமின்றி உட்காரத்தக்கதாகவும் வைத்திருக்கலாம் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற இடம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

முதலில் கழிப்பறையைப் பற்றியே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு பொது இடத்தின் பராமரிப்பை அளக்க அதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை. நியூயார்க் பொது நூலகத்தின் பின்புறம், 42-ஆவது தெருவை ஒட்டி, நூறாண்டுகளைக் கடந்த சிறிய கற்கட்டடத்தில் அது இருக்கிறது. கட்டணம் கிடையாது, எதையாவது வாங்கினால்தான் உள்ளே விடுவோம் என்ற நிபந்தனையும் கிடையாது. நுழைந்ததும் கண்ணில் படுவது பெரிய பூங்கொத்து; காகிதப் பூவோ பிளாஸ்டிக் பூவோ அல்ல, தண்ணீர் விட்டு வைத்த உண்மையான பூக்கள். மெல்லிய மேற்கத்தியச் செவ்வியல் இசை ஒலிக்கிறது. சுவர்களில் ஓவியங்கள் மாட்டப்பட்டிருக்கின்றன. கழிப்பறை இருக்கையின் மேல் சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் உறை, கையசைத்தால் தானாக நகர்ந்து புதிய உறைக்கு இடம்விடுகிறது. 2017-இல் ஏறத்தாழ 3 லட்சம் டாலர் செலவில் இதைப் புதுப்பித்தார்கள். ஆனால் இந்த வசதிகள் எல்லாவற்றையும்விட என் மதிப்பைப் பெறுவது, உள்ளேயே பணியில் இருக்கும் பணியாளர்தான். ஒருவர் கைகழுவிவிட்டு நகர்ந்த கையோடு மேடையில் தெறித்த நீரை அவர் துடைத்துவிடுகிறார். அழுக்குச் சேர்ந்த பிறகு கழுவுவது ஒரு வேலை. சேரவே விடாமல் பார்த்துக்கொள்வது வேறு வேலை. இங்கே நடப்பது இரண்டாவது. இடம் சிறியது என்பதால் கோடைப் பிற்பகல்களில், குறிப்பாகப் பெண்கள் பக்கத்தில், வரிசை நீண்டுவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே பூங்கா 1970-களில் போதைப்பொருள் விற்பவர்களின் கையில் இருந்தது என்றால், இப்போது இங்கே உட்கார்ந்து மதிய உணவு சாப்பிடுகிறவர்கள் நம்ப மாட்டார்கள். சீரழிவுக்குக் காவலர் பற்றாக்குறையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. 1934-இல் செய்யப்பட்ட மறுவடிவமைப்பில் பூங்கா தெருமட்டத்திலிருந்து உயர்த்தப்பட்டு, இரும்பு வேலியாலும் உயரமான செடி அரண்களாலும் சூழப்பட்டது. அமைதியான புகலிடம் வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்தது, உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியே நடப்பவர் காணாதபடி மறைத்துவிட்டது. பொது இடங்களில் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்த வில்லியம் வைட் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார். டான் பீடர்மனும் ஆண்ட்ரூ ஹைஸ்கெலும் முன்னின்று 1980-இல் தொடங்கிய பிரையன்ட் பார்க் கழகம், வைட்டின் யோசனைகளை ஏற்றுக்கொண்டு பூங்காவை மீட்கும் பணியில் இறங்கியது. 1988-இல் மூடப்பட்ட பூங்கா 1992-இல் திறந்தபோது செடி அரண்கள் அகற்றப்பட்டிருந்தன, நுழைவாயில்கள் அகலமாகியிருந்தன, புல்வெளிக்கு அடியில் நூலகத்தின் புத்தகக் கிடங்கும் அமைந்திருந்தது.

வைட் சொன்னவற்றில் மிக எளியது நாற்காலி. நிலத்தில் பதித்த பெஞ்சுகளுக்கு மாறாக, தூக்கி நகர்த்தக்கூடிய இலேசான பச்சை நிற மடக்கு நாற்காலிகள் ஆயிரக்கணக்கில் போடப்பட்டிருக்கின்றன. எந்த நாற்காலிக்கும் சங்கிலி இல்லை. வெயில் வேண்டுமென்றால் வெயிலுக்கு இழுத்துக்கொள்ளலாம். நான்கு பேர் வந்தால் வட்டமாகப் போட்டுக்கொள்ளலாம். தனியே இருக்க வேண்டும் என்றால் பிளேன் என்னும் நிழல்மரத்தின் அடிக்கு நகர்த்திக்கொண்டு போகலாம். சரளைக்கல் பாதையில் நாற்காலிக் கால்கள் இழுபட்ட தடங்களை நாள் முழுக்கப் பார்க்கலாம். அவற்றைப் பணியாளர்கள் அவ்வப்போது சமன்செய்து, சிதறிக் கிடக்கும் நாற்காலிகளை ஒழுங்காக்குகிறார்கள். நீண்ட பிடி வைத்த குப்பை முறமும் துடைப்பமும் ஏந்தியவர்கள் மேசைகளுக்கிடையே ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறார்கள். குப்பைத் தொட்டிகள் நிரம்பி வழிவதற்கு முன்பே பைகள் மாற்றப்படுகின்றன. இந்த வேலையைச் செய்பவர்களுக்கு ஒரு வணக்கமாவது சொல்லிவிட்டு வாருங்கள். நாம் பாராட்டும் தூய்மை அவர்களுடைய உழைப்பு.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, சீருடை அணிந்த பூங்காக் காவலர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதட்டல் இல்லை. ஓரிடம் பாதுகாப்பானதா என்பதை அங்கே பெண்கள் எவ்வளவு பேர் இயல்பாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைக் கொண்டே அறியலாம் என்பது வைட்டின் கருத்து. அதை ஏற்று, மதிய வேளைகளில் பூங்காவிலுள்ள ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே எண்ணிப் பார்க்கும் வழக்கத்தை நிர்வாகம் கடைப்பிடித்துவந்திருக்கிறது. கேமராக்களின் எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்படும் நிர்வாகங்கள் இந்த ஒரு வழக்கத்தை எடுத்துக்கொண்டால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. இளஞ்சிவப்புக் கிரானைட் நீரூற்றும் கவனிக்கத்தக்கது. 1912-இல் அமைக்கப்பட்ட அது, சமூக சேவகி ஜோசஃபின் ஷா லோவெலின் நினைவாக எழுப்பப்பட்டது. பெண் ஒருவருக்காக இந்நகரம் பொது இடத்தில் எழுப்பிய முதல் பெரிய நினைவுச் சின்னம் என்று அதைச் சொல்வார்கள்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சேவையை மதிப்பிட முடியாது. பூங்காவைச் சுற்றியுள்ள எல்லைக்குள் கட்டடம் வைத்திருப்பவர்கள், சொத்து வரியோடு கூடுதலாக ஒரு தொகை செலுத்துகிறார்கள். நகர நிர்வாகம் அதை வசூலித்து, அந்தப் பகுதிக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்ற நிபந்தனையுடன் கழகத்திடம் கொடுத்துவிடுகிறது. வணிக மேம்பாட்டு வட்டாரம் எனப்படும் இந்த ஏற்பாடு 1970-இல் கனடாவின் டொரான்டோ நகரில், புளூர் மேற்கு கிராமக் கடைக்காரர்களிடமிருந்து தொடங்கியது. நியூயார்க்கில் 1984-இல் யூனியன் சதுக்கத்தில் காலூன்றி, இப்போது எழுபதுக்கும் மேற்பட்ட வட்டாரங்களாக வளர்ந்திருக்கிறது. பிரையன்ட் பார்க்கில் இந்த வரியோடு, உணவகங்களின் வாடகையும் விளம்பரதாரர்களின் பணமும் சேர்கின்றன. 1993 முதல் 2010 வரை நியூயார்க்கின் ஆடை அலங்கார வாரம் இங்கேதான் கூடாரம் அடித்தது.

என் மனக்குறை தொடங்குவதும் இங்கேதான். இத்தகைய அமைப்புகளின் நிர்வாகக் குழுவில் சொத்துக்காரர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. பூங்காவின் வருமானம் நிகழ்ச்சிகளைச் சார்ந்திருப்பதால், பொதுமக்களின் புல்வெளி ஆண்டின் ஒரு பகுதியை வணிகத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அக்டோபர் இறுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, ஒரு ஏக்கருக்குச் சற்று மேலான அந்தப் பச்சைப் பரப்பைப் பனிச்சறுக்குக் களம் எடுத்துக்கொள்கிறது. சுற்றிலும் கண்ணாடிக் கடைகள் எழுகின்றன. களத்தில் இறங்க நுழைவுக் கட்டணம் இல்லை என்றாலும், சொந்தமாகச் சறுக்குக் காலணி இல்லாதவர்கள் வாடகைக்கு எடுக்க வேண்டும். கூட்ட நாட்களில் அது குடும்பத்தின் பணப்பையைப் பதம்பார்த்துவிடும். அதைவிடப் பெரிய கவலை, வானளாவிய அலுவலகங்கள் சூழ்ந்த இந்த இடத்தில் கிடைக்கும் வரிப்பணம், சிறு மளிகைக் கடைகளும் சலவைக் கடைகளும் மட்டுமே உள்ள புறநகர்த் தெருவுக்குக் கிடைக்காது என்பதே. அந்தத் தெருவில் நடப்பவருக்கும் துடைத்த கழிப்பறையும் வெளிச்சமான நடைபாதையும் உரிமைதான். அதை வாடகை மதிப்பு தீர்மானிக்கும்படி விடுவது எனக்கு உடன்பாடில்லை.

அந்தக் குறையையும் சேர்த்து எடைபோட்ட பிறகும், இடத்துக்கு நான் தரும் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், அலுவலக உணவு இடைவேளைக்கு முன்பாக, காலை பதினொரு மணியளவில் வருவது நல்லது. நாற்காலிகளும் நிழலும் அப்போது எளிதாகக் கிடைக்கும். குழந்தைகளுக்கு 40-ஆவது தெருப் பக்கம் சுழல் குதிரை ராட்டினம் இருக்கிறது. 1935-இல் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையிழந்தவர்கள் பணமோ உறுப்பினர் அட்டையோ இல்லாமல் படிக்கட்டும் என்று நூலகம் தொடங்கிய திறந்தவெளிப் படிப்பகத்தை 2003-இல் மீண்டும் உயிர்ப்பித்திருக்கிறார்கள். பெரியவர்கள் அங்கே செய்தித்தாளோடு உட்காரலாம். நகரப் பூங்காக்கள் எல்லாவற்றிலும் 2011 முதல் புகைபிடிக்கத் தடை உள்ளது. வீட்டிலிருந்து கட்டிவந்த சாப்பாட்டை மேசையில் வைத்துச் சாப்பிட யாரும் தடை சொல்வதில்லை. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுவந்தால் உணவகத்தில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. சுரங்க ரயிலில் வருபவர்கள் பி, டி, எஃப், எம் தடங்களில் 42-ஆவது தெரு நிலையத்திலோ, 7-ஆம் எண் தடத்தில் 5-ஆவது அவென்யூ நிலையத்திலோ இறங்கினால் பூங்காவின் வாசலிலேயே மேலே வந்துவிடலாம்.